புதுத் தொழிலும் மனைவியின் ஹக்கும்

புதிதாகத் தொழில் துவங்கும் வாலிபர்கள் இன்று நம் மஹல்லாக்களில் பெருகி வருகின்றனர். அதை ‘ஸ்டார்ட்அப்’ என்றழைத்தாலும் சரி, கடை என்றழைத்தாலும் சரி, ஹலாலான சம்பாத்தியத்திற்கு முயல்வது போற்றத்தக்கதே. ஆனால், “தொழில் நிலைபெறும் வரை வீட்டார் பொறுத்துக் கொள்ளட்டும்” என்று சிலர் கூறுகின்றனர். இது முறையா?

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அதை ஏற்காமல் கடைவீதிக்கு வழி கேட்டுச் சென்று, பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றார்கள். சிறிது காலத்திற்குள் நிகாஹும் முடித்தார்கள். மஹர், பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கம். ஓர் ஆட்டைக் கொண்டேனும் வலீமா கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். செல்வம் குவியட்டும், பிறகு குடும்பம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்தார்கள். அவர்களுடைய மனைவி அலங்காரமின்றி இருப்பதைக் கண்ட ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்தாருக்கும் உரிய ஹக்கை அவரவர்க்குக் கொடுக்க வேண்டுமென அறிவுறுத்தினார்கள். ஸல்மான் கூறியது உண்மையே என்று நபி (ஸல்) அவர்களும் உறுதிப்படுத்தினார்கள். சிந்தியுங்கள்! நஃபிலான வணக்கமே மனைவியின் ஹக்கை மறக்கக் காரணமாகாதென்றால், வியாபாரம் எப்படிக் காரணமாகும்?

அடுத்து, செலவு விஷயம். கணவர் அபூ ஸுஃப்யான் போதுமானதைத் தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை முறைப்படி எடுத்துக் கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். எனவே நஃபகா என்பது இலாபத்தில் மிஞ்சினால் கொடுப்பதன்று. கணவன் மீதுள்ள கடமை. கையிலுள்ள பணம் முழுவதையும் முதலில் போட்டுவிட்டு, மாதச் செலவுக்கு மாமனார் வீட்டை எதிர்பார்ப்பது முறையல்ல.

மனைவியின் மஹரும் நகையும் அவளுடைய சொத்து. மனமுவந்து கொடுத்தால்தான் ஹலாலாகும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 4-வது ஆயத் தரும் சட்டம். “அவள் ஒன்றும் சொல்லவில்லையே” என்பது மனவிருப்பமாகாது. மாமியாருக்கு அஞ்சியும் வாய் மூடியிருக்கலாம். கடனாக வாங்கினால், அல்பகராவின் 282-வது ஆயத் கற்பிப்பதுபோல், தவணை குறித்து எழுதிக் கொள்ளுங்கள். அந்நியரிடம் பத்திரம் எழுதுகிறவர் வீட்டாரிடம் எழுதுவதில் வெட்கம் என்ன?

நேரமும் ஒரு ஹக்கே. பாங்கு கேட்டதும் கடையை விட்டெழும் முஃமினுக்கு, இஷாவுக்குப் பின் செல்போனை ஒதுக்கி வைத்து, மனைவி மக்களோடு ஒரே ஸஹனில் அமர்வதும் இயலும். இலாபம் வந்தால் மட்டுமல்ல, நஷ்டம் வந்தாலும் அவளிடம் சொல்லுங்கள். மறைத்த கடன் ஒருநாள் வாசலில் வந்து நிற்கும்.

வல்ல அல்லாஹ் நம் தொழிலிலும் இல்லறத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.