பாட்டியின் மைக்ரோவேவும் தங்கச்சியின் தேவார வகுப்பும்

வெள்ளிக்கிழமை இரவு ஏழரைக்கு எங்கள் தேவார வகுப்பு இயங்கலையில் நடக்கும். தங்கச்சி எப்போதும் பாதியில் காணாமல் போய்விடுவாள். கேட்டால், "லைன் இல்லைண்ணே" என்பாள். நான் நம்பவில்லை. சோம்பல், அதான் சாக்கு சொல்றா என்று அம்மாவிடம் போட்டுக் கொடுத்தேன். அவள் கைப்பேசியை ஒரு வாரம் வாங்கி வைத்துவிட்டார்கள்.

பிறகு ஒரு விடுமுறையில் அதே மேசையில் உட்கார்ந்து என் வேலையைச் செய்தபோது எனக்கும் லைன் போனது. அடுப்படியில் பாட்டி மைக்ரோவேவில் சாம்பாரைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். ரௌட்டர் பக்கத்திலேயே, குளிர்சாதனப் பெட்டியின் மேல்.

அன்றிரவே சோதித்தேன். மடிக்கணினியிலிருந்து ரௌட்டருக்கு 'பிங்' ஓடவிட்டேன். (பல வீடுகளில் ரௌட்டர் முகவரி 192.168.0.1 அல்லது 192.168.1.1.) சும்மா இருக்கும்போது 3, 4 மில்லிவினாடியில் பதில் வந்தது. ஒரு குவளைத் தண்ணீரை வைத்து மைக்ரோவேவைத் தட்டியதும் 200, 400, அப்புறம் பதிலே இல்லை. நின்றதும் பழையபடி. மூன்று தடவையும் அதேதான். இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டுத் திட்டும் முன் இதைச் செய்து பாருங்கள். ரௌட்டருக்குப் போகும் பிங்கே தடுமாறினால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான்.

ஏன் இப்படி? மைக்ரோவேவ் வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில். வைஃபையின் பழைய அலைவரிசை 2.4. இரண்டும் ஒரே இடம். 1947-இல் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கிய இடம் இது. தகவல் தொடர்புக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா திறந்துவிட்டது 1985-இல்தான். ஆக, வைஃபைதான் பின்னால் வந்த குடித்தனக்காரர்!

ரௌட்டர் விடும் சக்தி சுமார் 0.1 வாட். மைக்ரோவேவுக்குள் இருப்பதோ 700 முதல் 1000 வாட். கதவோரம் கசிவது மிகச் சொற்பம், உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வைஃபைக்கு அது உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் பேசுகிற மாதிரி. இன்னொன்று, வைஃபை மரியாதை தெரிந்தது. யாராவது பேசினால் காத்திருந்துதான் பேசும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண மைக்ரோவேவ் சுமார் 10 மில்லிவினாடி கத்தும், 10 மில்லிவினாடி ஓயும். அந்த ஓய்வில்தான் வைஃபை நுழைந்து ஓடுகிறது. வாட்ஸ்அப் செய்தி எப்படியோ போய்விடும், காணொளி வகுப்பு விழுந்துவிடும். தங்கச்சி சொன்னது உண்மைதான்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. சிலாங்கூர் ஆற்றில் படகு ஏறினால் முதலில் சொல்வது, "ஃபிளாஷ் போடாதீங்க". பெரெம்பாங் மரத்து மின்மினிகள் ஒளியால் பேசிக்கொள்கின்றன. நம் வெளிச்சம் அந்தப் பேச்சை மூழ்கடித்துவிடும்.

வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் கிராமத்தில் இதைவிட மோசம். 18 மாதமாகத் தினமும் காலை 7 மணிக்கு ஊருக்கே இணையம் படுத்தது. கேபிளையே மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அலைகளை அளக்கும் கருவியோடு தெருவில் நடந்த பொறியாளர்கள் கண்டுபிடித்தது ஒரு வீட்டின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியை. 2020-இல் செய்தியானது. அங்கே கெட்டது வைஃபை அல்ல, கம்பிவழி இணையம். விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் வெட்கப்பட்டு அதை நிறுத்திவிட்டாராம்.

நாங்கள் ரௌட்டரை நடு ஹாலுக்கு மாற்றினோம். தங்கச்சியின் மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அங்கே மைக்ரோவேவ் தொல்லை இல்லை. ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டச் சிரமப்படும், பின்னறையில் இன்னும் 2.4-தான். புளூடூத் அலை மாறி மாறித் தாவுவதால் தொல்லை குறைவு. மீன் தொட்டிக்குப் பின்னால் மட்டும் ரௌட்டரை வைக்காதீர்கள், தண்ணீர் அலையை விழுங்கிவிடும்.

தங்கச்சியிடம் மன்னிப்பு கேட்டேன். "அம்மாகிட்டயும் சொல்லு" என்றாள். சொன்னேன். இப்போது தேவையே இல்லை, ஆனாலும் பாட்டி ஒவ்வொரு வெள்ளியும் அடுப்படியிலிருந்து கேட்கிறார்: "ஐயா, சூடு பண்ணட்டுமா?"