சலவைக்கும் வாஷிங்டனுக்கும் சம்பந்தமில்லை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையற்காரர், அப்படியானால் வாஷிங்டன் என்றால் துணி வெளுத்தவர் பரம்பரையா என்று கேட்டிருக்கிறாய். ஏதோ காணொளியில் ஒருவர் அடித்துச் சொன்னாராம். படித்துவிட்டு எரிச்சல்தான் வந்தது. வெளுப்பது ஒன்றும் குறைவான தொழில் இல்லை. சொன்னது தப்பு, அதனால்தான் எரிச்சல். ஓசை ஒத்துப்போனால் வேரும் ஒன்றுதான் என்று தீர்ப்பெழுதுகிற நோய் நம்மூரில் ஏற்கெனவே முற்றிக் கிடக்கிறது. அதை இங்கிலாந்துக்கு வேறு ஏற்றுமதி செய்ய வேண்டாம். வெளுத்தவர் பெயர்தான் வேண்டும் என்றால் லாவெண்டர் என்ற குடும்பப் பெயரை எடுத்துக்கொள். பூ இல்லை அது. சலவை செய்பவரைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

வாஷிங்டன் ஊர்ப்பெயர். இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லேண்டுக்குப் பக்கத்தில், அந்த ஊர் இன்றும் இருக்கிறது. ஹ்வாசா என்பது போன்ற பெயர் கொண்ட பழங்கால ஆங்கிலேயன் ஒருவனைச் சார்ந்தவர்களின் குடியிருப்பு என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் பொருள் சொல்கிறார்கள். சசெக்ஸ் மாவட்டத்திலும் ஒரு வாஷிங்டன் உண்டு. ஆகையால் ஆங்கிலேய வாஷிங்டன்கள் எல்லாரும் ஒரே மரத்துக் கிளைகள் என்று தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளாதே.

நமக்கு வேண்டியது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் வந்த வடக்கத்திக் குடும்பம். அதன் கதை ஒரு நிலக்கணக்கில் ஆரம்பிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் அது. 1086இல் முதலாம் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் டர்ஹம் வட்டாரம் சேரவில்லை. அங்கே பிஷப் வைத்ததுதான் சட்டம். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1183இல், ஹியூ டி புயிசே என்ற பிஷப் தன் நிலங்களுக்கெல்லாம் கணக்கெடுக்கச் சொன்னார். யார் எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை நாள் உழ வேண்டும், எத்தனை கோழி தர வேண்டும் என்று ஊர் ஊராகப் பட்டியல். போல்டன் புத்தகம் என்று அதற்குப் பெயர். நாவல் படிப்பதுபோல அதைப் படிப்பவன் நான். வீட்டில் கேலி செய்வார்கள், பரவாயில்லை.

அதில் வாஷிங்டனுக்கு உரிய பதிவு மிகச் சிறியது. வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் ஹெர்ட்பர்ன் ஊரை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக வாஷிங்டனை வாங்கியிருக்கிறார். தேவாலயமும் அதன் நிலமும் நீங்கலாக. வாடகை 4 பவுண்டு. அதோடு, பிஷப் பெருவேட்டைக்குக் கிளம்பினால் இவர் 4 வேட்டை நாய்களைப் பிடித்துக்கொண்டு கூடவே போக வேண்டும். அவ்வளவுதான். ஜார்ஜ் வாஷிங்டனின் பெயருக்கு மூலப்பத்திரம் இந்த நாலு நாய்க் குத்தகைதான்.

இங்கே கொஞ்சம் நிதானித்துப் பார். ஹெர்ட்பர்னில் இருந்தவரை அவர் ஹெர்ட்பர்ன்காரர். ஊரை மாற்றிக்கொண்டதும் அந்தக் குடும்பம் வாஷிங்டன்காரர்களாகிவிட்டது. அதே ஆள், அதே அப்பன், அதே பிள்ளைகள். மாறியது பட்டா மட்டும். நான் வருஷக்கணக்காகச் சொல்லிவருவது இதைத்தான்: குடும்பப் பெயர் ரத்தத்தில் ஓடுவதில்லை, பதிவேட்டில் ஓடுகிறது. என் நண்பர்கள் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார்கள். நீ புதிது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பிறகு பெயர் இறுகிப்போயிற்று. மூத்த கிளை 1400ஐ ஒட்டி ஆண் வாரிசில்லாமல் முடிந்து, ஊர் வேறு குடும்பத்தின் கைக்குப் போனது. இளைய கிளையொன்று லங்காஷயருக்குப் போய், அங்கிருந்து தெற்கே நகர்ந்தது. லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் நார்த்தாம்ப்டனில் கம்பளி வியாபாரம் செய்து மேயராகவும் இருந்தார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து நிலங்களை விற்றபோது, 1539இல், சல்கிரேவ் என்ற ஊரை வாங்கினார். அவருக்கு வாஷிங்டனில் ஒரு சாண் நிலம் கிடையாது. சல்கிரேவை வாங்கியும் அவர் சல்கிரேவ் ஆகவில்லை. அந்த வில்லியத்துக்கு நடந்தது இவருக்கு ஏன் நடக்கவில்லை? இடைப்பட்ட காலத்தில் வரியும் நீதிமன்றமும் சொத்துரிமையும் பெயரை ஆணியடித்துவிட்டன.

இவர் வழி வந்த பாதிரியார் ஒருவர், எசெக்ஸில் பர்லி என்ற ஊரில் இருந்தவர், உள்நாட்டுப் போர் நடந்த 1643இல், சாராயக் கடையே கதியென்று கிடக்கிறார் என்ற குற்றச்சாட்டில் பதவியிழந்தார். அரசர் பக்கம் நின்றதும் ஒரு காரணமாயிருக்கலாம். அவர் மகன் ஜான், புகையிலை ஏற்றவந்த கப்பலில் வர்ஜீனியா போய், 1650களின் பிற்பகுதியில் அங்கேயே தங்கிவிட்டார். ஜார்ஜ் அவருடைய கொள்ளுப்பேரன்.

அந்த ஜார்ஜிடமே லண்டன் குலச்சின்ன அலுவலகத்துத் தலைவர் ஐசக் ஹெர்ட் வம்சாவளி விவரம் கேட்டு எழுதினார். 1792இல் பதில் போயிற்று. இந்த விஷயத்தில் தனக்கு அக்கறை இருந்ததில்லை என்று சொல்லிவிட்டு, தெரிந்ததை மட்டும் எழுதி அனுப்பினார் குடியரசுத் தலைவர். நல்ல பதில். இன்றைக்கோ வாஷிங்டன் என்று பெயர் இருந்தால் போதும், இரண்டு சிவப்புப் பட்டையும் மேலே மூன்று நட்சத்திரமும் போட்ட கோப்பையை 'உங்கள் குலச்சின்னம்' என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆங்கிலேய வழக்கில் சின்னம் ஒரு மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. குடும்பப் பெயருக்குச் சின்னமே கிடையாது. அந்தக் கோப்பையில் காப்பி குடி, வரலாறு படிக்காதே.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அமெரிக்காவில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் 90 சதவீதத்தினர் கறுப்பினத்தவர். ஜார்ஜுக்கோ சொந்தப் பிள்ளைகளே இல்லை. அவர் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வழி என்று உடனே சொல்லத் தோன்றும். அதுவும் அவசரம். அங்கிருந்து தப்பி ஆங்கிலேயரோடு சேர்ந்து, நோவா ஸ்கோஷியா வழியாக 1792இல் சியரா லியோன் போன ஹாரி வாஷிங்டன் போன்ற ஒருவரைக் காட்டலாமே தவிர, இத்தனை பேரை அந்த ஒரு பண்ணைக்குள் அடைக்க முடியாது. பெரும்பாலும் இது மக்கள் தாங்களே எடுத்துக்கொண்ட பெயர்.

எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு நேர்ச்சாட்சி இருக்கிறது. 1865இல் விடுதலையான ஒரு சிறுவன் மேற்கு வர்ஜீனியாவில் உப்பு உலையில் வேலை செய்தான். வளர்ப்புத் தந்தையின் பீப்பாய்களில் 18 என்று எண் போடுவார்கள்; அவன் படிக்கக் கற்ற முதல் எழுத்து அதுதான். பிறகு பள்ளிக்கூடம். ஆசிரியர் பெயர் கேட்டுக்கொண்டே வருகிறார். மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர், சிலருக்கு மூன்றுகூட. இவனுக்குப் புக்கர் என்று ஒன்றுதான். முறை நெருங்க நெருங்கத் தவிக்கிறான். வந்ததும் கொஞ்சமும் தடுமாறாமல் 'புக்கர் வாஷிங்டன்' என்றுவிட்டான். வளர்ப்புத் தந்தையின் சொந்தப் பெயர் வாஷிங்டன் பெர்குசன் என்பதைக் கவனி. கடைசிப் பெயரை விட்டுவிட்டு முதல் பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டான் பையன். ஒரு வாஷிங்டனுக்குப் பிஷப்பின் பதிவேடு, இன்னொரு வாஷிங்டனுக்குப் பள்ளிக்கூடப் பதிவேடு. என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நம்முடைய கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தரை நீ இழுப்பாய் என்று தெரியும். அவருக்கு அது குடும்பப் பெயரே இல்லை. சுந்தர் என்பது அப்பா பெயர். அந்த அப்பாவுக்குச் சிறுவயதில் பள்ளிச் சம்பளம் கட்டிச் சீருடையும் வாங்கித் தந்த ஓய்வுபெற்ற ராணுவத்தார் ஒருவர் நினைவாக 1999இல் பிறந்த மகனுக்கு வைத்த பெயர் அது. ஆங்கில வர்ணனையாளர்கள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபடி புக்கர் கதைக்கு வருகிறேன். அவருக்குப் பின்னாளில் ஒரு செய்தி தெரியவந்தது. அவர் பிறந்ததும் தாய் புக்கர் தாலியாஃபெரோ என்று பெயரிட்டிருந்தாளாம். அதைத்தான் நடுவில் சேர்த்துக்கொண்டார், புக்கர் டி. வாஷிங்டனின் 'டி' அது. இத்தாலிய எழுத்துக்கூட்டு, ஆனால் வர்ஜீனியாவில் அந்தப் பெயரை 'டாலிவர்' என்றுதான் உச்சரிப்பார்கள். ஓசையை வைத்து வேர் தேடும் அந்தக் காணொளிக்காரரிடம் இதைக் கொடுத்துப் பார்.

புக்கருடைய தன்வரலாறு, 1901இல் வந்தது, என் அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துப் போ. போன தடவை வாங்கிய புத்தகத்தையும் கொண்டு வா; பக்கத்தை மடிக்காமல்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்