எச்சில் என்னும் காவல்காரன்

தோழர்களே, புளி நாக்கில் பட்டதும் வாய் ஊறுவது ஏன்? சுவை அறியும் செல்கள் நரம்பு வழியே மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. மூளை உத்தரவிட, காதடி, தாடையடி, நாக்கடியில் உள்ள மூன்று ஜோடிச் சுரப்பிகள் எச்சிலை விடுகின்றன.

அதில் கிருமியைக் கொல்லும் லைசோசைமும், கிருமி ஒட்டாமல் தடுக்கும் எதிர்ப்புப் பொருளும் உண்டு. எச்சில் ஓடிக்கொண்டிருந்தால் கிருமி சுரப்பிக்குள் சுலபமாக ஏறாது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் குலை வெட்டினால் எச்சில் வற்றும். பல் சொத்தையாகும், காதடி வீங்கவும் கூடும்.

“வெத்திலை போட்டா எச்சில் ஊறுதே, டிரெசர் ஐயா?” என்பார்கள். ஊறும்தான், ஆனால் புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு வாய்ப்புற்று தரும்.

தண்ணீர்ப் போத்தலை மறக்காதீர்கள். காய்ச்சலோடு காதடி வீங்கினாலோ, வாய்ப்புண் 2 வாரத்தில் ஆறாவிட்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.