நீருள் வைத்த செவி

மட்டக்களப்பு வாவியில் மீன்கள் பாடும் என்பதைப் பாலபருவத்திலேயே கேட்டவர் நாம். ஆயின் அப்பாட்டைத் தம் காதாற் கேட்டவர் நம்முள் எத்தனை பேர்? சில ஆண்டுகளின் முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் கட்டுரையில் ‘மீன் பாடியது’ என்று எழுத, ‘வெறுங் கற்பனை’ எனச் சிவப்பு மையாற் குறித்தேன். “கற்பனை அன்று ஐயா, என் பாட்டனார் சவளிற் கேட்டவர்” என்றான் அவன். அவன் சொல் என்னை உறுத்திற்று.

கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில், பூரணைக் காலத்து இரவுகளில், தோணியை நிறுத்திச் சவளின் ஒரு முனையை நீருள் ஆழ்த்தி மறுமுனையைச் செவியிற் பொருத்திக் கேட்பது அவ்வூர் வழக்கம். நீருள் எழும் ஒலியின் ஆற்றலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே மேற்பரப்பைக் கடந்து காற்றினுட் புகும். எஞ்சியது நீருக்கே மீளும். மரமோ நீரின் அதிர்வை ஏற்றுத் தலையெலும்பு வழியாகச் செவிக்கு ஈந்துவிடும். படிப்பில்லாதவன் என்று நாம் சொல்லும் மீனவன் கையில் இருந்தது ஒரு பௌதிகக் கருவி!

1848 இல் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் இவ்வாவியிலே படகின் மரத்திற் காதை வைத்துக் கேட்டார். ஒலிப்பவை சிப்பியினத்து உயிர்கள் என்பது அவர் துணிபு. பிற்காலத்தே இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் நீருள் ஒலிவாங்கி இறக்கி அவ்வொலியைப் பதிவு செய்ய, இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. பாடுவது மீனா, ஊரியா என்னும் வழக்கு மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

நாமும் ஒரு நீரொலிவாங்கி செய்தாலென்ன என்று தோன்றிற்று. மின்மணிகளினுள் ஒரு மெல்லிய பித்தளை வட்டும் அதன்மேல் வெண்ணிறப் பீங்கான் படலமும் உண்டு. அழுத்தம் பட்டால் இப்படலம் மின் தரும். இவ்வியல்பைக் கியூரி சகோதரர் 1880 இற் பளிங்குகளிற் கண்டனர். பித்தளைக்கு ஒரு கம்பியும் படலத்துக்கு ஒரு கம்பியுமாகப் பற்றாசு பிடித்து, முழுவதையும் எப்பொக்சிப் பசையால் மூடி, ஒலிப்பதிவுக் கருவியோடு இணைத்தல் வேண்டும். சொல்ல எளிது! முதலாவது கருவியிற் கம்பி நுழையும் இடத்தால் நீர் புகுந்தது. இரண்டாவதிற் கவசமில்லாக் கம்பியை இட்டமையால் மின்சார இரைச்சலன்றி வேறொன்றுங் கேட்கவில்லை. மூன்றாவதிற் கவசக் கம்பி இட்டோம். எனினும் ஒலி மெலிந்து, தாழ்ந்த சுருதிகள் விழுந்துபோயின. வட்டின் மின்னை உறிஞ்சிவிடாதவாறு, பத்து இலட்சம் ஓமுக்குக் குறையாத உள்ளீட்டுத் தடையுடைய சிறு விரியலாக்கி ஒன்றை இடையிற் புகுத்திய பின்னரே கருவி வாய் திறந்தது.

வெள்ளவத்தைக் கரையில், கற்பாறைகளின் இடுக்கில் அதனை இறக்கினோம். கொதியெண்ணெயிற் கடுகு வெடித்தாற்போல் ஓயாத படபடப்பு! சொடுக்கிறால் தன் பெருங்கொடுக்கைச் சடுதியாக மூடும்போது பாயும் நீர்த்தாரையிற் குமிழி தோன்றி உடைவதால் எழும் ஓசை அது. சற்றுநேரத்திற் கரையோரப் புகையிரதம் வர, அதன் உறுமல் இறாலோசையை விழுங்கிற்று. கல்லடியிலும் பாலத்தின்மேல் வாகனம் ஓடுகின்றதே என்ற கவலை அப்பொழுதே எனக்கு உண்டாயிற்று. நள்ளிரவு கடந்த பின்னரே அங்கு கேட்டல் வேண்டும்.

வருகின்ற பூரணைக்கு மட்டக்களப்புக்குச் செல்லவிருக்கின்றோம். சவள் ஒன்றும் தேடிவைக்கும்படி அம்மாணவனுக்குச் சொல்லியிருக்கின்றேன்.