படத்தில் இருப்பது வால்மீன் மட்டுமல்ல

அன்புள்ள யாழினி,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளி அறிவியல் மன்றத்தில் 3ஐ/அட்லஸ் வால்மீனைப் பற்றி உங்களுக்குள் நடந்த சண்டையை வரிக்கு வரி எழுதியிருந்தாய். ஹபிள் படத்தில் அது கண்ணீர்த்துளி வடிவில் இருக்கிறது. செவ்வாயிலிருந்து எடுத்த படத்தில் மங்கிய உருண்டையாக இருக்கிறது. சிலியில் எடுத்த படத்திலோ அதைச் சுற்றி வண்ண வண்ணக் கீற்றுகள். ஒரே பொருளுக்கு இத்தனை முகமா, இது வேற்றுலகத்தார் அனுப்பிய கலம்தான் என்கிறான் ஒருவன். நாசா எதையோ மறைக்கிறது என்கிறாள் இன்னொருத்தி. பேசுவதே வெட்டி வேலை என்று மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். யார் சொன்னது சரி என்று என்னைக் கேட்கிறாய்.

பதில் சொல்வதற்கு முன் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் தெரிவது என்ன என்று எல்லோரும் பேசினீர்கள். அந்தப் படத்தை எப்படி எடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வால்மீன் விஷயத்தில் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்குள் நுழையவே முடியாது. வால்மீன் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைச் சூழ்ந்த வாயுவுக்கும் தூசிக்கும் விளிம்பு என்று ஒன்று கிடையாது. எல்லாவற்றுக்கும் காரணமான கருவோ தொலைவிலிருந்து எடுக்கும் படங்களில் பிடிபடாத அளவு சிறியது. படம்பிடிக்கச் சிரமம் தருவதற்கு இதில் ஒன்றே போதும். வால்மீனிடம் மூன்றும் இருக்கின்றன.

முதலில் அந்த வண்ணக் கீற்றுகளை எடுத்துக்கொள்வோம். சிலியின் செரோ பச்சோன் மலையில் உள்ள ஜெமினி சவுத் தொலைநோக்கி 2025 ஆகஸ்ட் 27 அன்று எடுத்த படம் அது. ஓடும் குழந்தையைப் படமெடுக்கும்போது கேமராவையும் கூடவே திருப்பினால் குழந்தை தெளிவாக விழும், பின்னால் இருக்கும் சுவர் இழுபட்டுப் போகும். தொலைநோக்கியும் வால்மீனின் ஓட்டத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொண்டே போனது. அதனால் அசையாத விண்மீன்கள் கோடாக இழுபட்டன. சரி, கோட்டுக்கு நிறம் எங்கிருந்து வந்தது? பெரிய தொலைநோக்கிகளின் கேமராக்களுக்கு நிறம் தெரியாது. வெளிச்சத்தின் அளவைத்தான் அவை பதிவு செய்யும். சிவப்பு வடிகட்டியை வைத்து ஒரு படம், பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று அடுத்தடுத்து எடுத்து, பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். இடையில் கழிந்த நிமிடங்களில் வால்மீன் நகர்ந்துவிட்டது. வால்மீன் மேல் வால்மீன் பொருந்தும்படி அடுக்கினால் விண்மீன்கள் பொருந்தமாட்டா. ஒவ்வொரு விண்மீனும் சிவப்பில் ஓரிடம், பச்சையில் ஓரிடம், நீலத்தில் ஓரிடம் என்று விழும். உன் நண்பன் 'கலத்தின் விளக்குகள்' என்று சொன்னது இந்த விண்மீன்களைத்தான். அவை வால்மீனுக்கு அருகில்கூட இல்லை, பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கின்றன.

அடுத்து அளவு. வால்மீன் படங்களைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஹபிள் 2025 ஜூலை 21 அன்று 3ஐ/அட்லஸைப் படமெடுத்தபோது இடையிலிருந்த தூரம் சுமார் 44.6 கோடி கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் ஹபிள் கேமராவின் ஒரு பிக்சலுக்குள் 80 கிலோமீட்டருக்கு மேல் அடங்கிவிடும். கருவின் குறுக்களவு 440 மீட்டருக்குக் குறையாது, 5.6 கிலோமீட்டருக்கு மிகாது என்று அந்தப் படத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். அதாவது கரு முழுவதும் ஒரே ஒரு பிக்சலின் மூலையில் ஒளிந்துகொண்டிருக்கிறது. நீ பார்த்த கண்ணீர்த்துளி அதன் உடல் அல்ல, அதிலிருந்து கிளம்பிய தூசி.

செவ்வாய்ப் படத்தின் கதையும் இதுவே. அதை எடுத்தது மார்ஸ் ரீகானஸன்ஸ் ஆர்பிட்டர் விண்கலத்தில் உள்ள ஹைரைஸ் கேமரா. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி செவ்வாயின் தரையில் ஒரு மேசை அளவுப் பொருளைக்கூடக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது அது. தரையைப் பார்க்கச் செய்ததை 2025 அக்டோபர் 2 அன்று வானத்தின் பக்கம் திருப்பினார்கள். வால்மீன் இருந்தது சுமார் 3 கோடி கிலோமீட்டர் தொலைவில். ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மங்கிய உருண்டையாக வந்ததில் வியப்பில்லை, வேறு எப்படி வந்திருந்தாலும்தான் சந்தேகப்பட வேண்டும். அந்தப் படம் நவம்பர் 19 வரை வெளிவரவில்லை என்று உன் தோழி சொன்னாள் அல்லவா? அது உண்மை. அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க அரசு அலுவலகங்கள் நிதி ஒதுக்கீடு இல்லாமல் முடங்கிக் கிடந்தன, நாசாவும்தான். ஏன் தாமதம் என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. தாமதத்தையே சாட்சியாக ஆக்கியதுதான் சரியில்லை.

இந்தப் படங்கள் கைபேசிக்கு வந்த பிறகு நடப்பதையும் சேர்த்துப் பார். பத்துப் பன்னிரண்டு பிக்சல் அகலமுள்ள ஒரு திட்டை விரல்களால் இழுத்துப் பெரிதாக்கும்போது, நடுவில் இல்லாத பிக்சல்களை மென்பொருள் தானே கற்பித்து நிரப்புகிறது. அதன்மேல் 'தெளிவாக்கும்' செயலி ஒன்றைப் போட்டால் இல்லாத விளிம்பும் இல்லாத மூலையும் முளைத்துவிடும். நீ அனுப்பியவற்றில் அறுகோண வடிவத்தில் இருந்த படம் அப்படிப்பட்டதுதான். எந்தத் தொலைநோக்கி, எந்த நாள் என்ற குறிப்பே அதில் இல்லை.

ஆய்வாளர்களே படத்தை மாற்றுவதில்லையா என்று நீ கேட்பாய். மாற்றுகிறார்கள், ஆனால் எப்படி மாற்றினோம் என்று எழுதிவைக்கிறார்கள். ஸ்டீபன் லார்சன், ஸ்டெனெக் செகானினா என்ற இருவர் 1984-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். மவுன்ட் வில்சன் வானாய்வகத்தில் 1910-இல் எடுத்த ஹாலி வால்மீன் படங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கருவை மையமாக வைத்துப் படத்தை வலப்பக்கம் சற்றே சுழற்றி ஒரு நகல், இடப்பக்கம் சுழற்றி இன்னொரு நகல். மூலப் படத்தை இரட்டிப்பாக்கி அதிலிருந்து இரண்டையும் கழித்துவிடுவது. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும் பொது வெளிச்சம் அடிபட்டுப் போகும். ஏதோ ஒரு திசையில் மட்டும் பீறிடும் தாரை மிஞ்சி நிற்கும். அற்புதமான முறை. ஆனால் மையத்தை ஓரிரு பிக்சல் தவறாகக் குறித்துவிட்டால் இல்லாத தாரையையும் அது உண்டாக்கும். பின்னணி விண்மீன் ஒன்று, இருபுறமும் கறுப்பு நிழலோடு தனிப்பொருள் போலத் தோன்றும். இப்படிச் செய்த படத்தைச் சாதாரணப் புகைப்படம் என்று நினைத்துப் பார்ப்பவருக்கு அது விகாரமாகத்தான் இருக்கும்.

இந்த மாதிரிச் சண்டை உங்களுக்கு முன்பும் நடந்திருக்கிறது. அதை விரிவாகச் சொல்கிறேன், உங்கள் மன்றத்துக்குப் பயன்படும். ஹேல்-பாப் வால்மீன் 1995 ஜூலை 23 அன்று அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. 1996 நவம்பர் 14 அன்று ஹூஸ்டனைச் சேர்ந்த ஆர்வலர் ஒருவர் அதைப் படமெடுத்தார். வால்மீனுக்குப் பக்கத்தில், வளையத்தோடு கூடிய சனிக்கோளைப் போல ஒரு பிரகாசமான பொருள் தெரிந்தது. தம் கணினியின் வான வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடினார், அங்கே எதுவும் இல்லை. நள்ளிரவு வானொலி நிகழ்ச்சி ஒன்றில் அதைச் சொன்னார். வால்மீனுக்குப் பின்னால் ஒரு கலம் வருகிறது என்ற பேச்சு நாடெங்கும் பரவியது.

அது எஸ்ஏஓ 141894 என்ற விண்மீன். வரைபட மென்பொருளின் அமைப்பு சரியாக இல்லாததால் திரையில் வரவில்லை, அவ்வளவுதான். வளையம்? பல தொலைநோக்கிகளில் முன்பக்கம் ஒரு சிறிய துணை ஆடி இருக்கும். அதைத் தாங்கும் மெல்லிய தகடுகளின் ஓரத்தில் பட்டு ஒளி வளைகிறது. பாடத்தில் படித்த விளிம்பு விளைவு இதுதான். புள்ளியாகத் தெரியும் விண்மீனுக்கு அது முள் முளைத்தது போலக் கீற்றுகளைத் தரும். பரந்து கிடக்கும் வால்மீனின் தலையில் அப்படிக் கீற்றுகள் எடுப்பாகத் தெரிவதில்லை. பொய்க் கீற்றையும் உண்மையான தாரையையும் பிரித்தறிய வழி இருக்கிறது: தொலைநோக்கிக் குழலையே சற்றுச் சுழற்றி மறுபடி படமெடு. கீற்று குழலோடு சேர்ந்து திரும்பும், தாரை வானத்தில் தன் திசையிலேயே நிற்கும். அந்த 'துணைக்கலம்' விஷயத்தில் அந்த அளவு உழைப்புக்கூடத் தேவைப்படவில்லை. மறுநாள் இரவு வால்மீன் நகர்ந்துவிட்டது, 'கலம்' பழைய இடத்திலேயே நின்றது. நல்ல விண்மீன் அட்டவணை வைத்திருந்த எவரும் சில நிமிடங்களில் முடித்திருக்கக்கூடிய வழக்கு.

ஆனால் முடியவில்லை. பெயர் சொல்லாத வானியலாளர் ஒருவர் கொடுத்ததாக இன்னொரு படம் புழங்கியது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் டேவிட் தோலனும் ஒலிவியே ஐனோவும் தாங்கள் எடுத்த படத்தில்தான் யாரோ ஒரு பொருளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று 1997 ஜனவரியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அதற்குள் நம்பியவர்கள் நம்பிவிட்டார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் கலிஃபோர்னியாவில், ஹேல்-பாப் தங்களை அழைத்துப்போக வந்த அடையாளம் என்று நம்பிய ஒரு குழுவினர் 39 பேர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஒரு படம்தான் காரணம் என்று சொல்வது தவறு. துணைக்கலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தங்களுக்கு ஒன்றுதான் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஆயினும் தவறான படத்தைத் திருத்துவது வெட்டி வேலை என்று எழுந்து போன உன் நண்பர்களுக்கு இதைச் சொல். திருத்தாமல் விட்ட பொய் எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். விசித்திரமாகத் தெரிவதெல்லாம் கேமராவின் கோளாறு என்று முடிவு கட்டினால் அதுவும் அறியாமைதான். 1957 ஏப்ரலில் அரெண்ட்-ரோலண்ட் வால்மீனுக்குச் சூரியனை நோக்கிக் கூர்மையான ஈட்டி போல ஒரு வால் நீண்டது. வால் சூரியனுக்கு எதிர்த்திசையில்தான் இருக்கும் என்று படித்திருக்கிறோமே! வால்மீன் தன் பாதை நெடுகத் தூசியை ஒரு தளமாகப் பரப்பி வைத்திருந்தது. ஏப்ரல் 25 அன்று பூமி அந்தத் தளத்தைக் கடந்தது. தளத்தை ஓரப்பார்வையில் பார்த்ததால் தூசி ஒரே கோடாக அடர்ந்து தெரிந்தது. அந்தத் தோற்றத்தை எதிர்வால் என்கிறார்கள். சில நாட்களில் மறைந்தும் போனது.

2007 அக்டோபரில் ஹோம்ஸ் வால்மீன் இரண்டு நாளுக்குள் சுமார் 5 லட்சம் மடங்கு பிரகாசமானது. வாலே இல்லாத மஞ்சள் உருண்டையாக வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் அதன் தூசி மண்டலம் சூரியனைவிடப் பெரிதாக விரிந்தது. எல்லாம் உண்மை.

3ஐ/அட்லஸிலும் அப்படி உண்மையான விசித்திரங்கள் உண்டு. ஹபிள் படத்தில் தூசி சூரியனை நோக்கிப் பீறிட்டது ஓரப்பார்வை மாயம் அல்ல. வெயில் படும் பக்கத்திலிருந்து தூசி கிளம்பியது. துகள்கள் பெரியவையாக இருந்தால் சூரிய ஒளியின் அழுத்தம் அவற்றைச் சீக்கிரம் பின்னுக்குத் தள்ள முடியாது. இதைவிடப் பெரிய விசித்திரம் படத்தில் இல்லை, நிறமாலையில் இருக்கிறது. ஆகஸ்ட் 6 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தபோது நீராவியைப் போல ஏறத்தாழ 8 மடங்கு கார்பன் டை ஆக்சைடு அதிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. நம் சூரியக் குடும்பத்து வால்மீன்களில் இது மிக அபூர்வம். வேறொரு விண்மீனருகே உருவான பனிக்கட்டி அது. நொடிக்கு 61 கிலோமீட்டர் வேகத்தில் வந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது, திரும்பி வரப்போவதில்லை. உங்கள் சண்டையில் இதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஹார்வர்டு வானியலாளர் அவி லோப் அது செயற்கையாகவும் இருக்கக்கூடும் என்று எழுதியதை உன் நண்பன் காட்டினான் என்றாய். அப்படி ஒரு சாத்தியத்தை முன்வைப்பது குற்றம் அல்ல. முன்வைத்த பிறகு, எது தெரிந்தால் இந்தக் கருத்தைக் கைவிடுவேன் என்றும் சொல்ல வேண்டும். அவனிடம் இதைக் கேள், மரியாதையாகக் கேள். உன்னையும் கேட்டுக்கொள். வாயுவும் தூசியும் வெளிவரும் விதம், சூரியனை நெருங்க நெருங்கச் சுறுசுறுப்பானது, நிறமாலை எல்லாம் சேர்ந்து இது வால்மீன்தான் என்று காட்டுகின்றன. உன் கேள்விக்கு என் தீர்ப்பும் அதுதான்.

படத்தைச் சரிபார்க்கும் வழக்கம் புதிதல்ல. நம் ஜவ்வாது மலைக் காவலூரில் உள்ள பெரிய தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949-இல், ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தட்டில்தான் படமெடுப்பார்கள். தட்டில் விழுந்த கறையும் வால்மீனும் பார்க்க ஒன்றாகவே இருக்கும். இன்னொரு தட்டிலும் அது தெரிகிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். இன்றைக்கும் அதே வழிதான். வானியலாளர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பகுதியில் எடுத்த நாள், நேரம், வடிகட்டி, எத்தனை நொடி ஒளி சேகரித்தார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். ஹபிளின் மூலக் கோப்புகள் பொதுக் காப்பகத்தில் கிடைக்கின்றன, நீங்களே இறக்கிப் பார்க்கலாம்.

அடுத்த கூட்டத்தில் ஒரு விதி செய்துகொள்ளுங்கள்: எந்தத் தொலைநோக்கி, எந்த நாள், எதைப் பின்தொடர்ந்து எடுத்தது, பிறகு என்ன செய்தார்கள் என்று சொல்ல முடியாத படத்தை யாரும் வாதத்துக்குக் கொண்டுவரக் கூடாது. எழுந்து போனவர்களையும் கூப்பிட்டு உட்காரவை.

அன்புடன்,
மாமா