உட்துறைமுகத்தில் அலை எங்கே?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய 'உட்துறைமுகம்' இசைக்குறிப்பை இரண்டு இரவுகளாக வாசித்துப் பார்த்தேன். இடது கை ஓயவே மாட்டேன் என்கிறது. கடல் என்றாலே கீழிருந்து மேலே ஓடும் ஆர்பெஜியோதான் என்று யார் உனக்குச் சொன்னது? உட்துறைமுகத்தில் அலை எங்கே இருக்கிறது? அந்தத் தண்ணீர் அசையாமல் கிடப்பதால்தானே உலகத்துக் கப்பலெல்லாம் திருகோணமலையைத் தேடி வந்தது! போதாததற்கு வலது பெடலை முதற்பக்கம் முழுக்க மிதித்தே வைத்திருக்கிறாய். எனக்கு இது பொறுக்கவில்லை.

மொம்பூவைப் படி. ஃபெடரிகோ மொம்பூ 1893இல் பார்சலோனாவில் பிறந்த இசையமைப்பாளர். தாய்வழிக் குடும்பத்துக்கு மணி வார்க்கும் பட்டறை. சின்ன வயதில் அங்கே காதில் விழுந்த உலோக ஓசையை ஐந்து சுரமுள்ள ஒரு கோர்டாகக் கட்டி, அதற்குக் 'கடற்கரைக் குடியிருப்பு' என்று பெயர் வைத்தார். மணியும் பியானோவும் ஒரே சாதி: அடித்த கணத்திலிருந்து ஒலி தேய்ந்துகொண்டே போகும். அந்தத் தேய்வைக் கேட்கவிடாமல் அடுத்த சுரத்தைக் கொட்டுகிறவனுக்குப் பியானோ எதற்கு?

மனுஷன் மகா கூச்சக்காரர். 1911இல் பாரிசுக்குப் போனபோது ஸ்பானிய இசையமைப்பாளர் கிரனாடோஸ் கொடுத்த அறிமுகக் கடிதம் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயிடம் போய்ச் சேரவேயில்லை. மேடைக் கச்சேரி வாழ்க்கையையும் விட்டு எழுத உட்கார்ந்தார். அறுபது வயது தாண்டி, 1959க்கும் 1967க்கும் இடையில், 'மூசிகா கயாடா' என்று 28 சிறு உருப்படிகள் எழுதினார். ஒன்றிலும் ஆடம்பரம் கிடையாது.

ஒலி தேய்வதைக் கேட்க நானும் திருகோணமலையில்தான் கற்றேன். டொக்யாட் வீதிப் பக்கம் நாங்கள் பழகிய பியானோவில் மாரி வந்தால் கட்டைகள் ஊறி இறுகிவிடும். உள்ளே ஒரு மின்குமிழை எரியவிட்டுக் காயவைப்போம். உப்புக்காற்றில் துருவேறிய கம்பிகளில் மேல்சுரங்கள் பாதி ஊமை. மிச்சம் இருந்த ஒவ்வொரு சுரமும் அடங்கும்வரை எங்கள் பியானோ ரீச்சர் கையை எடுக்க விடமாட்டா. என் காது அங்கே திறந்ததுதான்.

ஆனால் மூன்றாம் பக்கத்தில் அந்த நாலு பார்! மூதூரிலிருந்து வரும் லோஞ்ச் எஞ்சினை நிறுத்திவிட்டு ஜெற்றிப் பக்கம் மிதந்து வருகிற இடம். இடது கையில் ஒரே ஒரு கீழ்ச்சுரம்; வலது கை காத்திருக்கிறது. இந்தத் தீவில் பியானோவுக்கு எழுதிய வேறெவரும் துறைமுகத்தை இப்படிக் கேட்டு நான் அறியேன். மொம்பூவே எழுந்து நின்றிருப்பார்.

அந்த நாலு பாரிலிருந்து தொடங்கு. ஆர்பெஜியோவை முழுக்க வெட்டு. கடைசிப் பக்கத்து இடிமுழக்க ஆக்டேவ்களும் வேண்டாம். பெடலை மிதிக்கும் இடத்தை மட்டுமல்ல, விடும் இடத்தையும் குறித்து எழுது. ஒன்றரைப் பக்கம்தான் மிஞ்சும். அதைத் தைப்பொங்கலுக்கு முன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்