பனிச் சாலையும் பின்சக்கரக் காரும்

முன்னுரை

காரின் ஆற்றலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் எஞ்சினையே நினைக்கிறோம். ஆனால் கார் ஓடுவதும், திரும்புவதும், நிற்பதும் எஞ்சினால் மட்டும் நிகழ்வன அல்ல. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. அந்த நான்கு உள்ளங்கை அளவு ரப்பரே ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட எடையைச் சாலையோடு பிணைத்து வைத்திருக்கிறது. சாலையில் பனி படர்ந்துவிட்டால் அந்தப் பிணைப்பு எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெயிலுக்குப் பேர்போன மாவட்டத்தில் இயற்பியல் படிக்கும் மாணவன் பனி டயரைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். என் தமையனார் ஜெர்மனியில் மியூனிக் நகரில் பணிபுரிகிறார். அங்கே பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்றை வாங்கினார். இருவர் மட்டுமே அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் அது. எஞ்சின் முன்னே இருக்கும், இயக்குவன பின்சக்கரங்கள். குளிர்காலம் நெருங்கியபோது, “பின்சக்கரங்கள்தானே காரைத் தள்ளுகின்றன? பின்னால் இரண்டு பனி டயர் மட்டும் போட்டால் போதாதா? செலவும் பாதியாகுமே” என்று என்னிடம் கேட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான். விடை தேடப் புகுந்தபோது, நம் பாடநூலின் உராய்வுப் பாடம் முழுவதையும் மீண்டும் படிக்க வேண்டியதாயிற்று.

ரப்பரின் இயல்பு

ரப்பர் எல்லா வெப்பநிலையிலும் ஒரே தன்மை உடையதன்று. குளிரக் குளிர அது நெகிழ்வை இழந்து விறைக்கிறது. மேலும் குளிர்ந்தால் கண்ணாடியைப் போன்ற நிலையை அடைகிறது. ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான கோடைக்கால டயர்கள் சூடான சாலையில் நன்கு பற்றுமாறு செய்யப்பட்டவை. குளிர்ந்த சாலையில் அவை விறைத்துப் பிடிப்பை இழக்கின்றன. வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் பனி டயருக்கு மாறுக என்பது ஐரோப்பாவில் வழங்கும் நடைமுறை விதி. இஃது இயற்கை வகுத்த எல்லைக்கோடு அன்று. வசதிக்காகக் கொண்ட ஓர் அளவே.

பனி டயரின் சிறப்பு இரண்டு. முதலாவது, கடுங்குளிரிலும் நெகிழ்வாக இருக்கும் ரப்பர்க் கலவை. இரண்டாவது, அதன் மேற்பரப்பில் உள்ள எண்ணற்ற நுண்ணிய வெட்டுகள். அவற்றின் விளிம்புகள் பனியைக் கவ்வுகின்றன. பள்ளங்களில் அடையும் பனியும் வீணாவதில்லை. பனியோடு பனி ஒட்டும் இயல்பால் அதுவும் பிடிப்புக்கு உதவுகிறது. இத்தகைய டயரை முதன்முதலில் செய்தது ஃபின்லாந்து நாட்டு நிறுவனம். இன்று அது நோக்கியன் டயர்ஸ் எனப்படுகிறது. 1934 இல் லாரிகளுக்கான டயரையும், 1936 இல் ஹக்கபெலீட்டா என்ற புகழ்பெற்ற கார் டயரையும் அது வெளியிட்டது.

நிற்பதற்கான கணக்கு

இனி ஒரு சிறு கணக்கைக் காண்போம். வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் பெருக்குத்தொகையின் இருமடங்கால் வகுத்தால், பிரேக் போட்ட பின் கார் ஓடும் தூரம் கிடைக்கும். மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்கு 13.9 மீட்டர். காய்ந்த தார்ச்சாலையில் குணகம் சுமார் 0.8 எனக் கொண்டால், கார் 12 மீட்டரில் நிற்கும். அழுந்திய பனியில் 0.3 எனக் கொண்டால் 33 மீட்டர் ஆகும். வழுக்கும் பனிக்கட்டியில் 0.1 எனக் கொண்டால் 98 மீட்டர் ஆகும். இவை தோராய அளவுகளே. ஆயினும் உண்மை விளங்குகிறது: அதே கார், அதே ஓட்டுநர், அதே பிரேக், தூரம் மட்டும் எட்டு மடங்கு!

இக்கணக்கில் எஞ்சினின் குதிரைத்திறன் எங்கும் வரவில்லை என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். எந்தச் சக்கரம் காரை இயக்குகிறது என்பதும் வரவில்லை. நிறுத்துகையில் நான்கு சக்கரங்களும் உழைக்கின்றன. அதிலும் எடை முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்களின் பங்கே மிகுதி.

இரண்டா, நான்கா?

பின்சக்கர இயக்கத்தின் குறை புறப்படும்போதும் மேட்டில் ஏறும்போதும் தெரிகிறது. எம்எக்ஸ்-5 காரின் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதி. குணகம் 0.2 எனில், பாதி எடையைத் தாங்கும் பின்சக்கரங்கள் 100 மீட்டருக்குச் சுமார் 10 மீட்டர் உயரும் மேட்டையே ஏற வல்லவை. எடையில் 60 விழுக்காட்டை முன்னே உடைய முன்சக்கரக் கார் 12 மீட்டர் வரை ஏறக்கூடும். வேறுபாடு இவ்வளவே. ஆனால் நல்ல டயரால் குணகம் 0.1 இலிருந்து 0.2 ஆனால், ஏறும் திறன் இருமடங்காகிறது. எனவே இயக்கும் சக்கரத்தை விட டயரே முதன்மையானது.

பின்னால் மட்டும் பனி டயர் போட்டால் என்ன நேரும்? கார் உற்சாகமாகப் புறப்படும். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், முன்சக்கரங்கள் திரும்பியும் கார் நேரே வழுக்கிச் செல்லும். முன்னால் மட்டும் போட்டாலோ, பிடிப்பற்ற பின்பகுதி விலகிக் கார் பம்பரமாகச் சுழலும். மேலும் பின்சக்கரக் காரில் ஆக்சிலேட்டரைச் சட்டென விட்டாலும், எஞ்சின் பின்சக்கரங்களை மட்டும் பிடித்திழுப்பதால் பின்பகுதி சறுக்கக்கூடும். ஆகவே நான்கும் ஒரே வகையாக இருத்தல் இன்றியமையாதது. புறப்பட உதவுவதால் அது நல்ல டயர் ஆகிவிடாது. நிற்கவும் திரும்பவும் உதவ வேண்டும். இதனை என் தமையனாருக்கு எழுதியனுப்பினேன். அவர் நான்கும் வாங்கினார்.

அகலமும் அளவும்

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அகலமான டயர் என்பது பலரின் எண்ணம். பனியில் சற்றுக் குறுகிய டயரே நன்று. அது புதுப்பனியையும் சேற்றுப்பனியையும் பிளந்து அடித்தளத்தை எட்ட முயல்கிறது. அகலமானது மேலே மிதக்கிறது. 2015 முதல் விற்பனையாகும் எம்எக்ஸ்-5 காருக்கு 205/45 ஆர் 17, 195/50 ஆர் 16 என இரு அளவுகளைத் தயாரிப்பாளரே வழங்கியுள்ளார். இரண்டாவது குளிர்காலத்திற்கு ஏற்றது. அகலம் 10 மி.மீ. குறைவு, பக்கச்சுவர் உயரம் மிகுதி என்பதால் பனிக்குழிகளில் ரிம் அடிபடுவதும் குறையும், விலையும் பெரும்பாலும் குறைவே. ஆயினும் சிறிய ரிம் காரின் பிரேக் பாகங்களில் இடிக்காதா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும். போர்ஷே 911 போன்ற கார்களில் பின்டயர் முன்டயரை விட அகலமானது. ஆகவே அங்கே தயாரிப்பாளர் குறித்த இணைகளையே வாங்குதல் வேண்டும்.

வகையும் சட்டமும்

பனி டயர்களுள் மூன்று வகை உண்டு. ஈரமும் குளிரும் மிகுந்து, பனி நீக்கப்பட்ட நெடுஞ்சாலைகளுக்கு உரியது மத்திய ஐரோப்பிய வகை. மாதக்கணக்கில் பனிக்கட்டி உறையும் நாடுகளுக்கு உரியது மென்மையான வடபுல வகை. உலோக ஆணி பதித்தது மூன்றாம் வகை. சுவீடனில் ஆணி டயருக்கு அனுமதி உண்டு. ஜெர்மனியில் சாலையைச் சிதைப்பதால் பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளது. மியூனிக் வாசிக்கு முதல் வகையே பொருந்தும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் கட்டாயம். ஜெர்மனிச் சட்டம் நாள் குறிக்கவில்லை. பனியோ உறைநீரோ சாலையில் இருந்தால் பனி டயர் இருக்க வேண்டும் என்கிறது. மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ பொறித்த முத்திரையே அதற்கு அடையாளம். 2024 அக்டோபர் முதல் வெறும் ‘எம் + எஸ்’ எழுத்துகள் அங்கே செல்லா. ஆனால் அம்மலை முத்திரைக்கான அடிப்படைச் சோதனை அழுந்திய பனியில் இழுவையை அளப்பது. பனிக்கட்டியில் நிற்கும் திறனுக்கு அது சான்றாகாது.

பராமரிப்பு

டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறந்தநாளைச் சொல்லும். 3524 எனில் 2024 ஆம் ஆண்டின் 35 ஆம் வாரம். பள்ளத்தின் ஆழம் ஜெர்மனியில் சட்டப்படி 1.6 மி.மீ. போதும்; ஆஸ்திரியாவோ பனி டயருக்கு 4 மி.மீ. கேட்கிறது. பின்னதே அறிவுடைமை.

காற்றழுத்தத்தையும் மறத்தலாகாது. 20 டிகிரியில் அளவியில் 2.0 பார் காட்டும் டயர், வெப்பநிலை மைனஸ் 10 டிகிரியானால் ஏறத்தாழ 1.7 பார் மட்டுமே காட்டும். வளிமங்களின் விதி டயருக்குள்ளும் ஆட்சி செய்கிறது!

முடிவுரை

இன்றைய கார்களில் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள் உள்ளன. அவை இருக்கும் பிடிப்பைப் பங்கிட்டுத் தருமேயன்றி, இல்லாத பிடிப்பை உண்டாக்கா. பிடிப்பு ரப்பரில் இருக்கிறது. நம் மாணவர் பலர் மேற்படிப்புக்காகவும் பணிக்காகவும் குளிர்நாடுகளுக்குச் செல்கின்றனர். அங்கே ஸ்டியரிங்கைப் பிடிக்கும் நாள் வந்தால், எவ்வளவு விரைவில் புறப்படும் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேளுங்கள். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் உராய்வுச் சூத்திரம், அன்று உயிர் காக்கும் சூத்திரமாக விளங்கும்.